பதினொரு மணிப் பொண்ணு

மணி பதினொன்று ஆனால் போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

"ஹலோ, வீட்டுச் சந்தேகம்தானே? எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கர்ருன்னு கத்துது."

"இது பழைய நிகழ்ச்சிங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. மறுபடியும் போடறோம், அவ்வளவுதான்."

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க."

போனை எடுத்தவள் எங்கே போய்க் குடுப்பாள்? அந்தப் பொண்ணே இவள்தான். அப்போது வயது இருபத்திரண்டு, இப்போது நாற்பத்தேழு. அந்த உள்ளூர் டிவி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மறு ஒளிபரப்பு தொடங்கிய முதல் வாரத்தில் அக்கா உண்மையைச் சொல்லித்தான் பார்த்தாள். "ஏம்மா, எங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சியா?" என்று ஒரு பெண்மணி போனை வைத்துவிட்டாள். அதோடு அக்கா அந்தப் பேச்சை விட்டாள்.

நம்பரை மறைத்தால் தீர்ந்தது என்பீர்கள். எங்கே மறைப்பது? ஆரம்ப நாட்களில் திரையில் எழுத்துப் போடுகிற மெஷின் வாங்க வக்கில்லை. போன் நம்பரைப் பெயிண்டில் எழுதி, பொண்ணின் தலைக்குப் பின்னால் நீலத் துணியில் ஒட்டிவிட்டார்கள். நம்பரை மறைத்தால் முகமும் போய்விடும். ராசியான நம்பர் என்று முதலாளி இன்றுவரை அதை மாற்றவுமில்லை. அது அடிப்பது அக்காவின் மேஜையில்.

முதலாளி அந்தக் காலத்தில் மொட்டை மாடிகளில் ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்தவர். ஒரு கேமராவும் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறையுமாக நிலையத்தைத் தொடங்கினார். காலையில் அவருடைய மச்சான் ஊர்ச் செய்தி வாசிப்பார், பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு. அப்புறம் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் வரும் என்ற அறிவிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் வினாடி வினா, காணாமல்போன பொருட்களின் பட்டியல். பதினொரு மணிக்கு வீட்டுச் சந்தேகம். புது டேப் விலை அதிகம் என்று முதலாளி எல்லாவற்றையும் அழித்து அழித்து மேலேயே பதிவு செய்தார். அக்கா மட்டும் தன் டேப்புகளில் 'பழுது, தொடாதே' என்று எழுதி பீரோவின் அடித்தட்டில் தள்ளிவைத்தாள். நாற்பத்தோரு டேப் தப்பித்தது. அவள் செய்த தப்பே அதுதான்!

ஏனென்றால், நிகழ்ச்சியை மறுபடி நேரடியாக நடத்தவேண்டும், தானே நடத்தவேண்டும் என்பது அக்காவுக்குப் பத்து வருட ஆசை. இரண்டாவது குழந்தை பிறந்தபோது விட்ட நாற்காலி அது. போன மாதம் துணிந்து முதலாளியிடம் கேட்டாள்.

"அந்த இடத்துலதான் அந்தப் பொண்ணு இருக்காளே," என்றார்.

"சார், அது நான்!"

"தெரியும்மா. அதான் சொல்றேன். நீயே இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப கேமரா வேற, முகத்துல இருக்கிற எல்லாத்தையும் காட்டிடுது," என்றார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? மதிய ஷிப்டுக்குப் போகும் கணவர் சாப்பிட்டபடியே அதைத்தான் பார்ப்பார். "அந்தப் பொண்ணு என்ன பொறுமையா பேசறா," என்று ராத்திரி வந்து இவளிடமே சொல்வார். தன் புருஷன் தன்னைத்தான் பாராட்டுகிறான் என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

போன் செய்கிறவர்களில் ரிட்டயர்டு லாரி டிரைவர் ஒருவர். தனிக்கட்டை. தினமும் ஏதாவது ஒழுகும், அடைக்கும், துருப்பிடிக்கும். அந்தப் பொண்ணைக் கேட்பார். இல்லை என்று அக்கா கத்துவாள். "சரி, நீயாவது சொல்லேன்" என்பார். அக்கா எரிந்து விழுந்தபடியே சொல்லிக்கொடுப்பாள். "வாஷரை மாத்துங்க ஐயா! குழாயையே ஏன் மாத்தறீங்க? காசு கொட்டிக் கிடக்கா?"

அன்றைக்கு முப்பத்திரண்டாவது டேப் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அடுத்த வார அட்டவணையைத் தயாரித்தபடி அரைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைத் தரையில் விடாப்பிடியான கறை என்று ஒருவர் கேட்க, பொண்ணு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரொம்ப சுலபம். பக்கெட்டுல பிளீச்சிங் பவுடரைப் போட்டு, அதுல ஆசிட்டை ஊத்திக் கலந்துக்குங்க..."

அக்கா அட்டவணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடிப்பாவி!

நினைவு வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் இதைச் சொன்ன அன்று சாயங்காலமே டேப்பில் 'பழுது' எழுதி உள்ளே வைத்தாயிற்று. மறுநாள் காலையில் ஒரு பெண் மூச்சு வாங்க இருமியபடி போன் செய்தாள்: இரண்டையும் கலந்ததும் புகை கிளம்பி நெஞ்சை அடைத்துவிட்டதாம். அன்றைய நிகழ்ச்சி முழுக்கப் பொண்ணு மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பு டேப்பில் மட்டும் வெட்கத்தில் 'பழுது' என்று எழுதவில்லை. அதன்மேல் வினாடி வினா ஏறிவிட்டது. தப்பு பத்திரமாக இருக்கிறது, திருத்தம் அழிந்துபோயிற்று.

அக்கா ஸ்டுடியோவுக்கு ஓடினாள். கேமராமேன் செய்தி வாசிக்கும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லைவ் போடு. இப்பவே."

"அக்கா, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை..."

"முதலாளி தலை! போடுன்னா போடு."

போட்டார். பவுடர் இல்லை, பொட்டுகூட நேராக இல்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அக்கா திரையில் வந்தாள். "இப்ப அந்தப் பொண்ணு சொன்னது தப்பு. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலக்காதீங்க. விஷப் புகை வரும். கலந்திருந்தா உடனே வெளியே போயிடுங்க."

செய்தி மேஜையிலும் அதே நம்பருக்கு ஒரு போன் உண்டு; அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, யாரு நீ? அந்தப் பொண்ணு சொல்றதைத் தப்புங்கறே?"

லாரி டிரைவர்! "ஐயா, எங்கே இருக்கீங்க?"

"பாத்ரூம் வாசல்ல. பக்கெட்டுல பவுடர் போட்டாச்சு. ஆசிட் பாட்டில் கையில இருக்கு."

"பாட்டிலைக் கீழ வைங்க!"

"அந்தப் பொண்ணு எதையும் தப்பா சொல்லாது. இத்தனை நாளா பார்க்கறேன்."

அக்காவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இத்தனை நாளா உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு ஐயா? அவளா? வாஷரை மாத்தச் சொன்னது யாரு? காது கேக்குதா இல்லையா? கீழ வைங்கன்னா வைங்க!"



"அட, நீயா!" என்றார் அவர். "தினமும் என்னைத் திட்டற அம்மாதானே? முதல்லயே சொல்றதுக்கு என்ன? முகத்தைப் பார்த்தா எனக்கு எப்படித் தெரியும்?" தரையில் கண்ணாடி பாட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. "வெச்சிட்டேன். நீ சொன்னா சரியா இருக்கும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி ஓடிவந்து நின்றார். கத்த வாயைத் திறந்தவர், போனில் காத்திருக்கும் அழைப்புகளின் விளக்குகள் வரிசையாக மின்னுவதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கேமராமேனிடம், முகத்தை இன்னும் கிட்டத்தில் காட்டு என்று கையால் சைகை செய்தார்.

"அடுத்த போன் எடுக்கணும், வைக்கட்டுமா ஐயா?"

"வை, வை. ஒண்ணே ஒண்ணு," என்றார் டிரைவர். "அந்தப் பொண்ணைத் திட்டாதேம்மா. சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லியிருக்கும்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல ஐயா," என்றாள். "திட்டலை."