கையால் திருத்திய வரி

"தொட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"தொட்டேன். அதுக்கு ஏன் கத்தற?"

"மேலேயே எழுதியிருக்கு, இது தானா உருவான கோப்பு, கையால திருத்தாதேன்னு. உனக்குப் படிக்கத் தெரியாதா?"

பிரேசிலில், காம்பினாஸ் நகரத்து எங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவுகள் எதையும் மறைத்ததில்லை. காப்பி மூலையில் நின்ற நான்கு பேரும் சர்க்கரை கலக்குவதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஜுசாராவும் அடில்சனும். இருவருக்கும் செப்டம்பரில் கல்யாணம், அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது.

ஜுசாராவின் வேலை, ஒரு கணினிச் சில்லின் ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று சுருக்கமாக விவரித்து எழுதுவது. அந்த விவரிப்பைப் படித்து ஒரு நிரல் நாற்பதாயிரம் வரிகளைத் தானே எழுதித் தள்ளும். அதுதான் சிமுலேட்டர்; நிஜச் சில்லு செய்வதையெல்லாம் கணினிக்குள் செய்துகாட்டும். மனிதக் கை படாமல் முழுச் சிமுலேட்டரும் பிறக்கும் என்பதுதான் அவள் கட்டுரையின் ஒரே பெருமை. அதற்குப் பரிசும் வாங்கியிருந்தாள். நடையில் கொஞ்சம் மிடுக்கும் வந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

போன வாரம் போர்த்தோ அலெக்ரே ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம். உங்கள் விவரிப்பிலிருந்து நாங்களும் சிமுலேட்டர் உருவாக்கினோம், விடை உங்களுடையதோடு ஒத்துவரவில்லை என்றார்கள்.

"எங்கேயோ சொதப்பியிருப்பாங்க" என்று சிரித்தாள் ஜுசாரா.

ஆனாலும் தேடினாள். ஒரே நிரலை அவர்களுடையதிலும் தன்னுடையதிலும் ஓட்டி, முதன்முதலில் எங்கே பிரிகிறது என்று பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனாள். மூன்று நாள். இரண்டு பைட் எண் ஒன்றை நினைவகத்திலிருந்து எடுக்கும் இடம். அவளுடையது மைனஸ் மூன்று என்றது. அவர்களுடையது அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்து மூன்று என்றது. நினைவகத்தில் இருப்பது இரண்டுக்கும் ஒன்றேதான்; மைனஸ் குறி உண்டென்று படித்தால் முதலாவது, இல்லையென்று படித்தால் இரண்டாவது. தன்னுடையதுதான் சரி என்று மனம் குளிர்ந்து விவரிப்பைத் திறந்தாள். அங்கே மைனஸ் குறியைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுத மறந்திருந்தாள். தப்பான விவரிப்பிலிருந்து சரியான வரி எப்படிப் பிறக்கும்?

அவள் கணினியைத் தொடும் இன்னொரு கை ஒன்றே ஒன்றுதான், அடில்சனுடையது.

"மறுபடி உருவாக்கினா உன் திருத்தம் அழிஞ்சிடுமே. அப்போ?" உள்ளே ஜுசாரா விடுவதாக இல்லை.

"மறுபடி போடுவேன்."

"ஒவ்வொரு தடவையுமா? பதினோரு மாசமா?"

"நீ போய் காப்பி குடி, நான் ஓட்டி வைக்கறேன்னு சொல்லுவேன்ல."

காப்பி மூலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எவ்வளவு பாசமான பையன் என்று அதே இடத்தில் நின்று எத்தனை முறை உருகியிருக்கிறோம்.

"போன ஆகஸ்ட்ல உன்கிட்ட கேட்டேன், எல்லாம் சரியா இருக்கான்னு. பிரமாதம்னு சொன்ன."

"கட்டுரை அனுப்ப ரெண்டு நாள்தான் இருந்துச்சு ஜூ. நீ உடைஞ்சு போயிருப்ப."

"உடைஞ்சிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் அந்த ஒரு வரியை எழுதியிருப்பேன்." குரல் இறங்கிவிட்டது, நாங்கள் கதவருகே நகர வேண்டியதாயிற்று. "என்னால தாங்க முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியே. உன்கூட இருந்தா எது நான் செஞ்சது, எது நீ செஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடில்சன் கதவைத் திறந்தான். வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. எங்களில் ஒருத்தி சீஸ் ரொட்டித் தட்டை நீட்டினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு, கடிக்காமலே போனான்.

ஜுசாரா அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள், பரிசையும் திருப்பி அனுப்பிவிட்டாள். விவரிப்பில் அந்த வரியைத் தானே சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினாள். விடைகள் பழையபடியே வந்தன, ஓர் இலக்கம்கூட மாறாமல். அதைப் பார்த்துத்தான் அழுதாள்.

அடில்சன் ஃப்ளோரியானாபொலிஸுக்குப் போய் இரண்டே வருஷத்தில் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டான். ஜுசாரா ரெசிஃபேவில் பாடம் நடத்துகிறாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். இரண்டு பேர் கேட்டது எங்களுக்கே தெரியும்.