பூட்டுப் போட்ட பீப்பாய்

மூடியின் மேல் என் பெயர் இருக்கும். கறுப்பு மையில், கொட்டை எழுத்தில்: அர்மிந்தா பீரெஸ், பத்தீம் கிராமம், ஃபோகு தீவு, காபோ வெர்தே. உள்ளே இருக்கிற எதிலும் என் பெயர் இருக்காது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது.

கோபம் ஆறிய பிறகு இதைச் சொல்லலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை இசல்தினா அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. மகள் லெனீராவை ஒரு வயதில் என் இடுப்பில் உட்கார வைத்துவிட்டு விமானம் ஏறினாள். அந்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் கப்பலில் வரும். என் இடுப்பு உயரம் இருக்கும். அரிசி, எண்ணெய், மீன் டின், ஷாம்பு, துண்டு, செருப்பு, பழைய கோட்டு என்று மூச்சுவிட இடமில்லாமல் திணித்து வைத்திருப்பாள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். லெனீராவுக்கு, என் தம்பி தோய்க்கு, அவன் பெண்டாட்டி ஜூஜாவுக்கு, பாதிரியாருக்கு, பள்ளிக்கூடத்து டீச்சருக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு நாய்க்குக் கழுத்துப்பட்டை வந்தது. அதிலும் நாயின் பெயரை எழுதியிருந்தாள், எழுத்துப் பிழை இல்லாமல்.

எனக்கு வருவது காலிப் பீப்பாய். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து முடித்ததும் அதைக் கழுவிக் காயவைத்து, மழைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வேன். முற்றத்தில் பதினொன்று நிற்கின்றன. தண்ணீருக்குத் தவிக்கிற தீவில் அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனாலும் யாரும் அதை எனக்காக அனுப்பவில்லை.

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டே விட்டேன். "என்னக்கா நீ, வேத்து ஆளு மாதிரி," என்றாள் ஃபோனில். "உனக்குன்னு தனியா எழுதணுமா? எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்க." ஜூஜாவின் பெயர் எழுதிய சோப்பில் நான் எப்படிக் கொஞ்சம் எடுப்பது என்று அவள் சொல்லவில்லை. நான் எடுத்ததும் இல்லை.

துறைமுகத்துக்குப் போவது நான். வரிசையில் நிற்பது நான். வண்டி பிடித்து மலைமேல் ஏற்றுவது நான். பிறகு வீடு வீடாகப் போய்க் கொடுத்து, "இவ்வளவுதானா?" என்ற பேச்சைக் கேட்டுக்கொள்வதும் நான்தான். இத்தனைக்கும் பிறகு, போன ஜனவரியில் இசல்தினா ஃபோன் செய்தாள்.

"அக்கா, ஜூஜா அண்ணிக்கு ஒரு சென்ட் பாட்டில் வச்சிருந்தேனே, தங்கக் கலர் மூடி போட்டது. கெடைக்கலைங்கறாங்க."

"பீப்பாயில சென்ட்டே வரலியே."

"நான் வச்சேன்கா. என் கையால வச்சேன்."

"வரலடி."

"சரி, விடு," என்றாள்.

அந்த 'விடு' இருக்கிறதே, அதற்குப் பதில் அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அவள் விட்டாள், ஊர் விடவில்லை. ஜூஜா குழாயடியில் சொன்னாள், கோயில் வாசலில் சொன்னாள், மீன் வண்டி வந்தபோது மீன்காரியிடமும் சொன்னாள். நான் போகிற இடமெல்லாம் பெண்கள் மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். ஒருநாள் லெனீரா என் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள், "பெரியம்மா, நெஜமாவே நீ எடுக்கலதானே?"

பல் முளைத்தபோது இவள் கடித்துத் தழும்பான விரல் இது. அந்த விரலை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல? "எடுக்கல," என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், இவள் நினைக்கக் கூடாது. அந்த வருஷம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இந்த நவம்பரில் பிராக்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் ஜூஜாவிடம் ஒரு கவர் கொடுத்தான். அதில் ஒரு சாவி. இந்த வருஷத்துப் பீப்பாய்க்கு இசல்தினா பூட்டுப் போட்டிருக்கிறாளாம். மூடியைச் சுற்றி இரும்பு வளையம், அதில் தொங்கும் பூட்டு. பீப்பாய் என் பெயரில் வரும், சாவி ஜூஜாவிடம் இருக்கும். ஜூஜா அதை ஒரு சிவப்பு நாடாவில் கோத்து, சிலுவைக்குப் பக்கத்தில் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ரவிக்கைக்கு வெளியே தெரிகிற மாதிரி.

கப்பல் வந்தது. நான் போகப் போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லெனீராவுக்கு உறுதிப்பூசுதல் சடங்கு, அவளுடைய வெள்ளை உடுப்பு அந்தப் பீப்பாய்க்குள் இருந்தது. மானத்தை விழுங்கிக்கொண்டு ஜூஜா வீட்டுக்குப் போனேன்.

"சாவியக் குடு. துறைமுகத்துல தொறந்து காட்டச் சொல்வாங்க."

"அண்ணி, நான் குடுத்துடுவேன்," என்றாள், சாவியைக் கையால் மூடிக்கொண்டு. "உங்க தங்கச்சிதான் குடுக்கக் கூடாதுன்னுட்டா. எனக்கென்ன?"

"அப்ப நீ வா எங்கூட."

"முட்டி வலி அண்ணி. வரிசையில எல்லாம் நிக்க முடியாது. நீங்க போயிப் பேசிக் கொண்டு வந்துருங்க. இங்க எல்லாரும் கூடுன பொறவு தொறப்போம்."

துறைமுகத்தில் சுங்கக்காரர் பெலார்மீனு பீப்பாயை ஒரு தட்டுத் தட்டினார். "தொறங்கம்மா."

"சாவி இல்ல."

"பேரு உங்க பேரு. சாவி யாருகிட்ட?"

"என் தம்பி பொண்டாட்டி கழுத்துல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெலார்மீனு சிரிக்கவில்லை. மூடியில் இருந்த பெயரைப் படித்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார். "தொறக்காம வெளிய விட முடியாது. அவங்க வரணும். இல்லன்னா பூட்ட வெட்டணும். வெட்டுறதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும்."

"குடுங்க பேனாவ."

பெரிய கத்தரியால் ஒரே வெட்டு. அந்தச் சத்தம் என் காதுக்கு நன்றாக இருந்தது. பொருளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். நான் சொன்னேன், "ஐயா, ஒவ்வொண்ணும் யாருக்குன்னு பேரையும் எழுதிருங்க. அப்புறம் நான் எடுத்துட்டேம்பாங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்காமல் எழுதினார். துண்டு நான்கு, ஜூஜா. ஸ்பேனர் செட் ஒன்று, தோய். வெள்ளை உடுப்பு ஒன்று, லெனீரா. மெழுகுவத்தி இரண்டு பெட்டி, பாதிரியார்.

அடியில், ஒரு கம்பளிக் காலுறைக்குள், ஒரு சிறிய பெட்டி இருந்தது. பிரித்தேன். தங்க நிற மூடி. பாட்டிலோடு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. இசல்தினாவின் சாய்ந்த கையெழுத்து.

"ஜூஜா அண்ணிக்கு. இது போன வருஷத்து சென்ட். என் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது, பீப்பாயில் போட மறந்துவிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

இரண்டு தடவை படித்தேன். யாரிடம் கோவிச்சுக்காதீங்க என்கிறாள் பாருங்கள். திருடி என்று பெயர் வாங்கியவள் நான். ஒரு வருஷம் ஊர் மூக்கு முழுக்க என்மேல் இருந்தது. மன்னிப்புப் போவது ஜூஜாவுக்கு. அதுவும் எனக்குத் தெரியாமல், பூட்டிய பீப்பாய்க்குள், காலுறைக்குள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை என்று பெலார்மீனு நினைத்திருப்பார், ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்தார். அழுகை இல்லை. அந்த நேரத்தில் இசல்தினா என் முன்னால் நின்றிருந்தால் நடந்திருப்பதே வேறு.

"சென்ட் பாட்டில் ஒண்ணு," என்று எழுதிவிட்டுக் கேட்டார், "யாருக்கு?"

"அர்மிந்தாவுக்கு," என்றேன்.

சீட்டு அவர் கண்ணெதிரில்தான் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். பேனாவை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: அர்மிந்தா. பன்னிரண்டு வருஷத்தில் பீப்பாய்க்குள் இருந்த ஒரு பொருளுக்கு நேராக என் பெயர் வந்தது அன்றைக்குத்தான். முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அங்கேயே பாட்டில் மூடியைத் திறந்தேன். கழுத்தில், மணிக்கட்டில், தலைத்துணியில், பாவாடையில் என்று அடித்துக்கொண்டேன். திருடிப் பட்டம்தான் ஏற்கனவே கிடைத்தாயிற்று, வாசனையை மட்டும் எதற்கு விட வேண்டும்? எனக்குப் பின்னால் நின்ற கிழவர் தும்மினார். வண்டிக்காரன் மலை ஏறும்வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான்.

என் முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தோயின் ஃபோனைத் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் இசல்தினா, வேலை உடுப்போடு. பீப்பாய் திறக்கும்போது அவள் பார்க்க வேண்டும், அது வழக்கம். ஜூஜா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாவியை நாடாவிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

பீப்பாயை இறக்கினார்கள். ஜூஜா வளையத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பூட்டு எங்க?"

பையிலிருந்து எடுத்து அவள் மடியில் போட்டேன். வெட்டிய பூட்டு. "இந்தா. சாவிதான் உங்கிட்ட இருக்கே."

"பாத்தியா இசல்தினா, ஒடைச்சுட்டா. நான் சொன்னேன்ல? இந்த வாசனை என்ன? அண்ணி மேல என்ன வாசனை?"

"அக்கா," என்றது ஃபோன். "ஏன்கா ஒடைச்ச?"

சுங்கக் காகிதத்தைத் தோயிடம் கொடுத்தேன். "ஒண்ணு விடாம சரி பாரு." சீட்டை லெனீராவிடம் கொடுத்தேன். "நீ இதப் படி. சத்தமா."

லெனீரா படித்தாள். 'கட்டிலுக்கு அடியிலேயே' என்ற இடத்தில் குரல் தடுக்கியது. ஆனாலும் கடைசிவரை படித்தாள். ஜூஜா பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஃபோனுக்குப் பக்கத்தில் போனேன். "எப்ப கெடச்சுது?"

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வேலை, ரெண்டு ஷிஃப்ட்டு..."

"எப்ப கெடச்சுதுன்னு கேட்டேன்."

"ஈஸ்டருக்கு. வீடு ஒதுங்க வைக்கறப்ப."

"பூட்டு எப்ப வாங்குன?"

அவள் திரையிலிருந்து கண்ணை விலக்கினாள்.

"கேக்குறேன்ல?"

"ஆகஸ்ட்ல."

"ஏப்ரல்ல பாட்டில் கெடச்சுது. நான் எடுக்கலன்னு ஒனக்குத் தெரியும். ஆகஸ்ட்ல கடைக்குப் போயி எனக்குப் பூட்டு வாங்கியிருக்க."

"ஜூஜா அண்ணிதான் சொன்னாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு..."

"ஒம் புள்ளைய பூட்டுப் போடாமத்தானடி எங்கிட்ட விட்டுட்டுப் போன?"

அவள் அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று இருந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் பொய்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அடுத்த வருஷம் யாரு பேருக்கு அனுப்பட்டும்?" என்னைப் புண்படுத்திவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்திருக்கலாம். ஆனாலும் முதலில் வாயில் வந்தது பீப்பாய்தான்.

"சாவி யாருகிட்ட இருக்கோ அவ பேருக்கு அனுப்பு."

"அய்யோ, எனக்கு முட்டி..." என்று ஜூஜா தொடங்கினாள். தோய் அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

லெனீரா சீட்டை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். வெள்ளை உடுப்பு நாற்காலியில் கிடந்தது, அவள் அதைத் தொடவில்லை. ஃபோனில் அவள் அம்மா, "லெனீரா, உடுப்ப எடுத்து மேல வச்சுக் காட்டு கண்ணு," என்று கூப்பிட்டாள். லெனீரா திரும்பவில்லை. என் முன்னால் வந்து நின்று சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்சம் அடி, பெரியம்மா."

அடித்தேன்.