எடித்தின் மாட்டுப் பல்

வங்காலையில் காய்ந்த பனங்கிழங்கான ஒடியலைக் கடித்துப் பல்லுடைந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது, அதுவும் மேல் முன்பல்லைப் பறிகொடுத்தவள் எடித் ஒருத்திதான். பல் நெடுக்காகப் பிளந்து இரண்டு துண்டாகக் கையில் வந்தது. வலியைவிட அவளை அழவைத்தது வேறொன்று. பெரிய வெள்ளியன்று கோயிலில் முதல் குரலாக, ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுவது அவள் தாய்க்கு இருந்த உரிமை. தாய் போன ஐப்பசியில் கண்மூடிவிட்டாள். இந்த வருஷம் எடித்தின் முறை. பல்லில்லாமல் பாடிப் பார்த்தாள். சொல்லுக்கு முன்னே காற்று ஓடியது. பக்கத்தில் நின்ற இரண்டாம் குரல் பெற்றிசியா வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு அடுத்து யாருக்குப் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

எடித் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது எருக்கலம்பிட்டி சனூனை. அவர் முத்துத் துளைக்கிறவர். மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது ஏசண்டுத் துரையின் பெண்சாதியே தன் முத்துகளை அவர் கையில்தான் கொடுத்தாளாம். அப்படிப்பட்ட கைக்கு ஒரு பல் என்ன பெரிய காரியமா? முத்துச்சிப்பியை அராவிப் பளபளவென்று ஒரு பல் செய்து, இரண்டு பக்கத்துப் பல்லோடும் பொன் கம்பியால் கட்டிவிட்டார். எடித் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மூன்றாம் கிழமை பல் மெலிந்தது. நாலாம் கிழமை கம்பி மட்டும் மிஞ்சியது.

செய்தி கேட்டு வந்த சனூனுக்கு மானமே போய்விட்டது.

"என்ன திண்டனீங்க பிள்ளை?"

"தபசுகாலத்தில என்ன கிடக்கு நானா? கஞ்சியும் தேசிக்காய் ஊறுகாயும்தான்."

சனூன் தலையில் அடித்துக்கொண்டார். எலுமிச்சைப் புளி பட்டால் முத்து கரையும் என்பது முத்துக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். முத்தைப் பெற்ற சிப்பி மட்டும் கரையாமல் இருக்குமா? அழகைப் பார்த்தாரே தவிர அதை யோசிக்கவில்லை.

"அப்ப என்ர மற்றப் பல்லுகளை ஏன் ஊறுகாய் தின்னேல்லை?" என்று கேட்டாள் எடித்.

நியாயமான கேள்வி. அதையே யோசித்தபடி தோணியேறிப் போன சனூன், இரண்டு நாளில் ஒரு மாட்டின் கீழ்த்தாடையோடு வந்து நின்றார். "மாட்டுக்கு முன்பல்லெல்லாம் கீழதான். மேல ஒண்டும் இல்லை," என்றார். பிறந்ததிலிருந்து மாட்டைப் பார்த்துவரும் எடித்துக்கு அது புதினமாக இருந்தது. பக்கத்து வளவுக்கு ஓடி, கட்டி நின்ற பசுவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

சனூன் மூன்று தேங்காய்ச் சிரட்டையில் தேசிக்காய்ப் புளி பிழிந்தார். ஒன்றில் சிப்பித் துண்டு, ஒன்றில் மாட்டுப் பல் துண்டு. மூன்றாவதற்கு மனிதப் பல் வேண்டும். எடித் மூக்குத்தூள் டப்பாவைத் திறந்து, பொத்தி வைத்திருந்த தன் பல்லின் ஒரு பாதியை எடுத்துக் கொடுத்தாள். போட்டதுமே சிப்பி நுரைத்தது. மற்ற இரண்டும் பேசாமல் கிடந்தன. மறுநாள் துடைத்துக் காயவைத்து முத்துத் தராசில் நிறுத்தார்கள். சிப்பியில் பாதியைக் காணோம். எடித்தின் பல் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மாட்டுப் பல் இம்மியளவு குறைந்திருந்தது.

"ரெண்டும் ஒரே சரக்குத்தான் பிள்ளை. மாட்டுடையது கொஞ்சம் இளக்கம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஊறுகாயைத் தொடாதேங்கோ," என்று சொல்லி, மாட்டுப் பல்லை அராவிக் கட்டிவிட்டார் சனூன். பாட்டு கணீரென்று வந்தது.

பெற்றிசியா சும்மா இருப்பாளா? சுவாமியார் பெரிய வெள்ளியன்றுதான் மன்னாரிலிருந்து வருவார். அதுவரை கோயில் காரியமெல்லாம் மூப்பர் அமிர்தநாயகத்தின் கையில். அவரிடம் போய் மாட்டுப் பல் கதையை ஓதிவிட்டாள். மூப்பர் எடித்தையும் சனூனையும் தன் முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"பெரிய வெள்ளியில இறைச்சி விலக்கு. நீ மாட்டை வாயில வைச்சுக்கொண்டு ஆண்டவரிண்ட பாட்டைப் பாடப்போறியோ?"

"பல்லு இறைச்சியே, ஐயா?"

"மாட்டில இருந்து வந்ததெல்லாம் இறைச்சிதான்."

எடித் மூக்குத்தூள் டப்பாவை மடியிலிருந்து எடுத்தாள். மிஞ்சியிருந்த தன் பல்லின் மற்றப் பாதியை வெளியே வைத்தாள். "சுட்டுப் பாப்பம்," என்றாள். சனூன் மடியிலிருந்து ஒரு மாட்டுப் பல் துண்டை எடுத்தார். இரண்டையும் சிரட்டைக் கரி நெருப்பில் வைத்தார்கள். இரண்டும் கறுத்தன. மயிர் கருகுகிற மணம் எழுந்தது.

"மணக்குது! நான் சொல்லேல்லையே?" என்று மூப்பர் தொடையில் தட்டினார்.

சனூன் முகம் சுருங்கியது. எடித் குறடால் இரண்டையும் எடுத்துத் தனித்தனிச் சிரட்டையில் போட்டாள். "கண்ணை மூடுங்கோ ஐயா. மணந்து பாத்து, எது மாடெண்டு சொல்லுங்கோ."

மூப்பர் ஒன்றை மணந்தார். மற்றதை மணந்தார். திரும்ப முதலாவதை மணந்தார். "இதுதான் மாடு. அச்சொட்டான மாட்டு நாத்தம்," என்று ஒரு சிரட்டையைத் தட்டிச் சொன்னார்.

"அது நான், ஐயா."

மூப்பர் கண்ணைத் திறந்தார். எடித் இரண்டையும் மறுபடி நெருப்பில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கறுப்பெல்லாம் போய் இரண்டும் ஒரே வெள்ளையாக வெளுத்தன. இனி அவளாலும் எது எதென்று சொல்ல முடியாது.

"இது இறைச்சியெண்டால், பல்லிருக்கிற எல்லாரும் பெரிய வெள்ளியில இறைச்சியோடதான் கோயிலுக்கு வருகினம்," என்றாள்.

சனூன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தக் கணக்கில் வங்காலையில் பாவமில்லாதவர் மூப்பர் ஒருவர்தான். அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை. மூப்பர் வெளுத்த துண்டுகளைக் குறடால் புரட்டிப் பார்த்தார்.

"பாடு பிள்ளை," என்றார்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் எடித் பாடினாள். ஒரு சொல்கூட வழுக்கவில்லை. தாயின் குரல் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. முன்வரிசையில் மூப்பர் சால்வையால் முகத்தை மூடி அழுதார். அழுத பெண்களில் பெற்றிசியாவும் ஒருத்தி.

உயிர்த்த ஞாயிறு கழிந்த திங்களன்று, காலங்காத்தாலே சனூன் வீட்டு வாசலில் மூப்பர் நின்றார்.

"ஒரு மாட்டுக்கு முன்பல்லு எத்தினை?"

"எட்டு, ஐயா."

மூப்பர் விரலால் தன் ஈறை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தடவிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு எத்தினை மாடு வேணும்?"