அக்காவின் மஞ்சள் மாத்திரை

1

இந்தக் கதை கற்பனையில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. பிறந்தது குற்றவுணர்வில். முதல் வரியைப் பலமுறை அடித்துவிட்டேன். 'அக்காவின் வலி ஒரு...' [வேண்டாம். வலிக்கு உவமை தேடினால் அவள் முறைப்பாள்.]

நேராகவே சொல்கிறேன். பல் ஆய்வகத்தில் பொய்ப்பல் செய்யும் ஓர் அக்காவுக்கு நான்கு வருடமாகத் தோளிலும் முதுகிலும் வலி. ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, அவளுக்கு மட்டும் அழுகை.

2

கூட அலைந்தவள் தங்கை. அலைந்து சலித்து, ஒருநாள் தெருமுனை டாக்டரிடம் தனியாகப் போனாள். "எல்லாம் மனப்பிரமை டாக்டர். ஏதாவது சத்து மாத்திரையை வலி மாத்திரைன்னு சொல்லிக் குடுங்க."

பெயரில்லாத காகித உறையில் மஞ்சள் மாத்திரை வந்தது. அக்காவுக்கு வலி பாதி குறைந்தது. தங்கை உள்ளுக்குள் சிரித்தாள்.

[இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை. இவ்வளவு கல்நெஞ்சக்காரி இருப்பாளா? இருப்பாள். தங்கை நான்தான்.]

3

பெரிய மருத்துவமனையில், காரணம் பிடிபடாத வலிக்கென்று புதுப் பிரிவு. ஒரே அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் ஆங்கில மருத்துவர், மற்றதில் சீன மருத்துவம் படித்த டாக்டரம்மா. அவர் நாக்கை நீட்டச் சொன்னார். அக்கா மரியாதைக்காக நன்றாக வழித்துவிட்டு வந்திருந்தாள்.

"அடடா, படிஞ்சிருக்கிறதைத்தானே நான் பாக்கணும்! அடுத்த தடவை வழிக்காம வாங்கம்மா."

மூவரும் சிரித்தோம். பிறகு அவர் மூன்று விரல்களால் நாடி பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்குபஞ்சர் ஊசி வைக்கிறோம், கஷாயமும் தரோம். இப்ப சாப்பிடுற மாத்திரை ஒண்ணு விடாம எழுதுங்க. ஒண்ணுக்கொண்ணு சேராமப் போயிடக்கூடாது."

அக்கா உறையை எடுத்தாள். "இது ஒண்ணுதான் கேட்டுது டாக்டர். என் தங்கச்சி அலைஞ்சு வாங்கினது. பேரு அவளுக்குத்தான் தெரியும்." படிவத்தை என்னிடம் தந்தாள்.

பேனா எழுதவில்லை என்று பொய் சொல்லி எதிர்மேசைக்குப் போனேன். ஆங்கில மருத்துவரிடம் மெதுவாகக் கேட்டேன்: "வெறும் சத்து மாத்திரையில குறைஞ்சா, அது நிஜ வலியா டாக்டர்?"

"நிஜ வலிதாம்மா. நம்மளை ஒருத்தர் நம்புறாங்கன்னு தெரிஞ்சாலே கொஞ்சம் குறையும்."

4

முடிவு ஒன்று: ஊசி வைத்ததும் வலி பறந்துபோனது. [பொய். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: உண்மையை எழுதினேன், அக்கா படித்துவிட்டு...

முடிவு மூன்று: 'தெரியாது' என்று எழுதி...

இதற்குமேல் என் கை ஓடவில்லை. நீங்களாவது எழுதுங்கள், பேனா இந்தாருங்கள். எழுதும்முன் ஒருமுறை அக்காவைப் பாருங்கள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என்மேல் அத்தனை நம்பிக்கையோடு.