முன்னால் தள்ளியிருந்த சீட்

எங்கள் வேனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். நாங்கள் திரைச்சீலை தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிறவர்கள். தைப்பது நான். சுவரில் கம்பி பொருத்துவதும் வேன் ஓட்டுவதும் என் வீட்டுக்காரர். துணி மூட்டை, கம்பிகள், ஏணி, நாங்கள் இரண்டு பேர் எல்லாமே அந்த வேனுக்குள் அடக்கம். எங்களிடம் வருவதற்கு முன்பே அது பல முதலாளிகளைப் பார்த்துவிட்டது. எங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறதோ என்னவோ.

ஒரு தடவை சவ ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஹாரனை யாரும் தொடவில்லை. அதுவாகவே அலற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. செத்தவரைச் சீக்கிரம் போகச் சொல்கிறோம் என்று நினைத்து அத்தனை பேரும் திரும்பி முறைத்தார்கள். நான் துணி மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை பள்ளிக்கூட வாசல் மேட்டில் பின்கதவு திறந்துகொண்டு கம்பிகள் எல்லாம் தெருவில் உருண்டன, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பெரிய ஆபீஸ் வாசலில் பக்கக் கதவை இழுத்தேன், கதவு என் கையோடு வந்துவிட்டது. காவலாளி ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இதையும் மேலே கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்த வருஷம் வேறு தினுசு அவமானங்கள் ஆரம்பித்தன. ஒரு வீட்டில் கேட் தூணை உரசினோம். இன்னொரு வீட்டில் சுற்றுச்சுவர். பல் டாக்டரம்மா வீட்டில் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த ரோஜாத் தொட்டிகளை வரிசையாக நசுக்கிவிட்டு நின்றோம். கேட்டால் இவர் பிரேக் பிடிக்கவில்லை என்பார், கண்ணாடி ஆடுகிறது என்பார், ஸ்டியரிங் இழுக்கிறது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சீண்டினேன். இதற்கு முன்னால் என்றால் அவரே முதலில் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது சீட்டைப் பார்த்த பிறகுதான். ஒரு மத்தியானம் கம்பி வாங்கி வருகிறேன் என்று போனவர் வெறுங்கையோடு வந்தார். அளவு டேப்பை எடுக்க டிரைவர் பக்கம் ஏறினேன், முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் தள்ளியிருந்தது. என் வீட்டுக்காரர் பனைமரம். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் அவருக்குக் காலை மடக்க முடியும். அந்தச் சீட்டோ லேசில் நகராது. ஒரு உதை உதைத்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். மேலே இருந்த கண்ணாடியையும் யாரோ கீழே சாய்த்திருந்தார்கள். குள்ளமான யாரோ இந்த வேனை ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரமும் அப்படியே. கூடவே டாஷ்போர்டு டப்பாவுக்குள் ஒரு கறுப்புக் கண்ணாடி. மெல்லிசாக, எடையே இல்லாமல் இருந்தது. இவர் வெயிலுக்குத் தொப்பிகூடப் போடாத மனுஷன். எந்த ஸ்டைல்காரி விட்டுவிட்டுப் போனாள்?

அக்காவுக்கு போன் போட்டேன். வெறும் வாயை மெல்கிறவளுக்கு அவல் கிடைத்தது. நெருப்பில்லாமல் புகையாது என்றாள். ஐம்பதை நெருங்குகிற ஆண்களை நம்பவே கூடாது என்று அவள் வீட்டுக்காரரையும் சேர்த்துத் திட்டினாள். கடைசியில், யாருக்கோ வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறார் போல என்று போட்டாளே ஒரு போடு! நான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! இந்த வண்டி உன் கைக்கு அடங்காது என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தவர் அவர். எனக்கு அடங்காத வண்டி எவள் கைக்கோ அடங்குகிறதாக்கும்.

கோபம் போன பிறகு பயம் வந்தது. பிள்ளை குட்டி இல்லை. எனக்கு இருப்பது தையல் மெஷினும் இந்த மனுஷனும்தான். அவரும் கைநழுவிப் போனால் நான் யாருக்காகத் தைப்பேன், யாரோடு சண்டை போடுவேன்? நேராகக் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

ஆனால் நான் தையல்காரி. துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியை அம்மியில் வைத்து மாவாக அரைத்தேன். வேன் சீட்டுக்கு நீல உறை தைத்ததும் நானே, அதனால் மேலே தேய்த்தால் தெரியாது. உட்கார்ந்து எழுந்தவர்களின் பின்பக்கத்தில்தான் தெரியும். டிரைவர் சீட்டில் மட்டும் தாராளமாகத் தேய்த்துவிட்டு, எதுவும் தெரியாதவள் மாதிரி மெஷினில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் மெக்கானிக்கைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். நீலப் பின்பக்கத்தோடு திரும்பி வந்தார். அவருக்கு அது ஒட்டத்தானே செய்யும். சீட் மறுபடியும் முன்னால் இருந்தது.

உடனே தெருவில் இறங்கினேன். பெண்கள் வரிசை வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள், நான் ஒவ்வொருத்தியும் தாண்டும்வரை காத்திருந்து பின்னால் பார்த்தேன். காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், எனக்குக் கண்டதெல்லாம் நீலம். மருந்துக்கடைப் பெண் கல்லாவை விட்டு எழுந்திருப்பாளா என்று தேவையில்லாமல் மேல்தட்டு மாத்திரையாகப் பார்த்துக் கேட்டேன். குட்டையான ஒருத்தியைத் துரத்திப் போனபோது அவள் சட்டென்று திரும்பி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். துணி நன்றாக இருக்கிறது, எங்கே எடுத்தீர்கள் என்று சமாளித்தேன். அவளும் நம்பி, கடை பெயரையும் போகிற வழியையும் சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

கடைசியாக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். இவர் உண்மையிலேயே அங்கே வந்தாரா என்று துருவி எடுத்துவிடலாம் என்ற எண்ணம். மெக்கானிக்கைக் குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், என் தோள் உயரம்தான் இருப்பான். என்னைக் கண்டதும் வாங்கக்கா என்று சொல்லிவிட்டு ஒரு கார் எஞ்சினுக்குள் குனிந்தான். அவனுடைய காக்கிக் கால்சட்டையின் பின்பக்கத்தில் என் நீலம்.

"எங்க வேனை நீ எதுக்குடா ஓட்டின?" என்று கேட்டேன்.

ரிப்பேர் பார்த்து ஓட்டிப் பார்த்தேன் என்றான். என்ன ரிப்பேர் என்றேன். பிரேக் என்றான். பிரேக் வேலைக்குச் சீட்டை முன்னால் இழுத்து ஊரைச் சுற்றுவானேன், அந்தக் கறுப்புக் கண்ணாடி யாருடையது, எவளுக்கு நீ காவல் நிற்கிறாய் என்று ஷெட் அதிரக் கேட்டேன். அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காருக்கா. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. அண்ணனுக்குத்தான் கண்ணு போயிட்டிருக்கு."

கண்ணில் அழுத்தமாம். நேரே இருப்பது தெரிகிறதாம், பக்கவாட்டில் இருப்பது மறைந்துகொண்டே வருகிறதாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றினால் வெளிச்சம் கூசும், அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி. அதனால்தான் இவன் கூடப் போய், வண்டியை எங்கள் வாசல்வரை ஓட்டி வந்து விட்டுவிட்டு நழுவுகிறானாம்.

"ஓட்டாதீங்கன்னு நானும் தலையால அடிச்சுக்கிட்டேன். ஓட்டலைன்னா அப்புறம் நான் எதுக்குடான்னு கேக்குறாரு. என்னன்னு பதில் சொல்ல?"

நான் நம்பவில்லை. ஆண்களுக்கு ஆண்கள் முட்டுக்கொடுப்பது எனக்குத் தெரியாதா? நன்றாகக் கதை கட்டுகிறாய் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியெல்லாம் அது பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு பெண்ணாக இருந்தால் முடியைப் பிடித்து இரண்டு அறை விட்டுக் கணக்கை முடித்துவிடலாம். இதற்காக நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

வாசலில் வேன் நின்றது. சுற்றிப் பார்த்தேன். கேட் தூண் உரசிய கீறல், சுவர் உரசிய கீறல், தொட்டி உடைத்த நசுங்கல். எல்லாமே நான் உட்காரும் இடது பக்கம். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார்.

உள்ளே போனேன். அவர் மேஜை முன்னால் உட்கார்ந்து திரைச்சீலைக் கொக்கிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெளிச்சம் அறை நிறைய இருந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். கை நீட்டினால் தொடலாம். அவர் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறார், குட்டி போன் பண்ணிச் சொல்லிவிட்டான், இரண்டு பேரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளங்கையை விரித்து அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆட்டினேன். இமைகூட ஆடவில்லை. மேஜை ஓரத்தில், அவர் இடது முழங்கைக்குப் பக்கத்தில் வேன் சாவி கிடந்தது. மெதுவாக எடுத்தேன். அவர் ஒரு கொக்கியை எடுத்து, கோணலாக இருக்கிறதா என்று முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு சமையலறைப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, எங்க இருக்க? வந்துட்டியா இல்லையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இவ்வளவு பக்கத்திலிருந்து பேசினால், நான் கண்டுபிடித்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும். சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் பின்னோக்கியே நடந்து சமையலறைக்குள் போனேன்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.