யாரும் சொல்லாதீங்க

சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிரை பிடித்துக் களையெடுக்கும்போது ஒருத்தி பிந்திவிட்டால், முந்தியவர்கள் எதிர்ப்பக்கமிருந்து அவள் நிரையில் இறங்கி முடித்துக்கொடுப்பார்கள். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். நல்ல வழக்கம்தான். அதை அப்படியே எழுத்து வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் எனக்கு வினையாகிப்போனது.

வேலை முடிந்ததும், பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் பெண்கள் எட்டுப் பேர் வகுப்புக்கு உட்காருவோம். செல்வலட்சுமி டீச்சர் முதலில் எல்லோரையும் சேர்ந்து உரக்க வாசிக்கச் சொல்வார். கூட்டத்தோடு சத்தம் போட்டால் கூச்சம் போகும். எனக்கும் போனது. பிறகு ஆளுக்கொரு பத்தி தனியாக வாசிக்க வேண்டும். அங்கேதான் நான் தடுக்கி நிற்பேன். நின்ற மறுநொடி அத்தனை வாயும் அந்தச் சொல்லை எனக்கு ஊட்டிவிடும். பக்கத்து லயத்து வீட்டுச் சின்னத்தாய்தான் எப்போதும் முதல். பாசக்காரி.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வாசிக்க வேண்டும். அங்கே ஊட்டிவிட யார் வருவார்கள்? எனக்கு உண்மையிலேயே வாசிக்க வருகிறதா, இல்லை இவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா என்பதே தெரியவில்லை. அந்தச் சந்தேகம் என்னைத் தின்றது.

பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை என் பத்தியில் 'சுத்திகரிக்கப்பட்ட' என்று ஒரு சொல் வந்தது. நான் வாய் திறக்குமுன் சின்னத்தாய் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே எனக்கு யாரும் சொல்லாதீங்க. விடியிற வரைக்கும் ஆனாலும் நானே வாசிச்சுக்கிறேன்."

சின்னத்தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. ஒத்தாசை செய்தால் இந்தக் குருவம்மாளுக்குக் கொம்பு முளைத்துவிடுகிறது என்று என்னைப் பார்த்து முணுமுணுத்தாள். பிடிவாதம் வேண்டாம், நேரமாகிறது என்று டீச்சரும் சொல்லிப்பார்த்தார். நான் அசையவில்லை.

அடுத்த வரியில் 'நோய்க்கிருமிகள்' நின்றது. 'நோய்' வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்தது. ஒருத்தி தொண்டையைச் செருமினாள். கையை நீட்டி அடக்கினேன். எழுத்தெழுத்தாகப் பிடித்துச் சேர்த்து, கடைசியில் முழுதாகச் சொன்னேன். எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் சொல். கிருமிதான், இருக்கட்டுமே.

அடுத்தது சின்னத்தாய். கோபத்தில் வேகமாக ஆரம்பித்தவள், 'கொதிக்கவைத்து' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். சொல்லேன்டி என்று அவள் கண் கெஞ்சியது. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மற்றவர்களையும் முறைத்து அடக்கினேன்.

சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுத்தின்மேல் விரலை வைத்து, என்னைத் திட்டுகிற குரலிலேயே இழுத்து இழுத்து வாசித்து, அந்தச் சொல்லை முழுதாக என் முகத்தில் எறிந்தாள். பத்தியையும் முடித்தாள். போதும், அடுத்த ஆள் வாசிக்கட்டும் என்றார் டீச்சர்.

சின்னத்தாய் பக்கத்தைத் திருப்பினாள்.

"சும்மா இருங்க டீச்சர். இதையும் நாந்தான் வாசிப்பேன்."