டாக்டருக்கு வைத்த நடுத்துண்டு

எங்கள் ஊரில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று மாலை, எடுத்த பாடங்களைக் கொண்டு நாம் யார் யாராக ஆக முடியுமோ அவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிளஸ் டூ தேர்வு முடிகிறவரை நம்மோடு இருப்பார்கள். பிறகு ஒருவர் தங்க, மற்றவர்கள் பெட்டியோடு பஸ் ஏறுவார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் இவர்களை ஆவிகள் என்கிறார்கள். தவறு. ஆவிகளுக்குப் பசிக்காது.

காமர்ஸ் எடுத்தால் ஒரு ஆடிட்டரோ பேங்க் மேனேஜரோ வருவார். என்னை அப்பா பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப்பில் சேர்த்தார். "எதையும் இப்பமே விட்டுறக் கூடாது. எல்லாம் கையில இருக்கட்டும்" என்றார். ஆகவே எனக்கு மூன்று பேர் வந்தார்கள்: டாக்டர், இன்ஜினியர், கணக்கு டீச்சர். மூவருக்கும் என் முகம். தாடையில் என் மச்சம். வயது மட்டும் கூடுதல். இன்ஜினியரும் டீச்சரும் தங்கள் பெட்டியைத் தாங்களே ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். டாக்டரின் பெட்டியை அம்மா இறக்கினாள்.

அன்று சீலா மீன் குழம்பு. நடுத்துண்டை அம்மா டாக்டருக்கு வைத்தாள். அதுவரை அது எனக்கு உரியது. எனக்கு வால் துண்டு வந்தது.

"ஏட்டி வடிவு, மூஞ்சியத் தூக்காத. அவளும் நீதான? அவ தின்னா நீ தின்ன மாதிரிதான" என்றாள் அம்மா.

வாதத்தில் பிழை இல்லை. ஆனால் எனக்குப் பசி அடங்கவில்லை.

அதன்பின் அம்மா தன் மூட்டுவலியை டாக்டரிடம்தான் சொன்னாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள டாக்டரின் முன்னால்தான் உட்கார்ந்தாள். கோயிலுக்கு டாக்டரைத்தான் கூட்டிப்போனாள். கேட்டவர்களிடம் "என் மக" என்று சொன்னாள். நான் பின்னால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் மிக்ஸியைப் பழுது பார்த்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று அடுப்படியிலேயே காத்திருந்தாள். டீச்சர் ஒன்றுமே எதிர்பார்க்கவில்லை. அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

எதிர்வீட்டுப் பூங்கோதை கணக்கை விட்டுவிட்டாள். செடிகொடிகளைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று சொன்னதால் அவளுக்கு ஒரே ஒருத்திதான் வந்திருந்தாள். இருவரும் சாயங்காலம் கைகோத்துக்கொண்டு முருங்கைப்பூவை எண்ணப் போவார்கள். சிரித்தால் இருவருக்கும் வலது கன்னத்தில் குழி விழும். அவள் அம்மா கோமதி அத்தைக்கும் அதே குழிதான்.

அரைப்பரீட்சை வந்தது. பயாலஜியில் எனக்கு ஐம்பத்தெட்டு, பூங்கோதைக்கு நூறு. மறுநாள் டாக்டர் எதிர்வீட்டு வாசலில் பூங்கோதைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

தன்னையே ஒருவர் எப்படி அழைப்பது என்பதில் எங்கள் ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"அங்க என்னக்கா சோலி?"

"சும்மா பாத்து வைக்கேன்" என்றாள் டாக்டர். "நீ மூணு பேர வச்சிருக்க. நான் ரெண்டு சின்ன வயச வச்சிக்கிடக் கூடாதா? எல்லாம் கையில இருக்கட்டும்னு உங்கப்பாதான சொன்னாரு?"

"நான் இனிமே ஒழுங்காப் படிப்பேன்."

"படி. யாரு வேண்டாம்னா?"

இரவு பகலாகத் தவளையின் இதயத்தை வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் டாக்டரின் தாடையில் மச்சம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபோது வலது கன்னத்தில் குழி விழுந்தது. மதியம் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அம்மா நான்கு சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"நீங்க எங்கம்மா போறீங்க?"

"மூட்டுவலிக்குப் பாதி வைத்தியம் நடந்திருக்கு. நடுவுல விட முடியுமாட்டி?" என்றாள். "நான் ஒண்ணும் முடிவு பண்ணலை. பரீட்சை வரைக்கும் அங்கயும் இருந்து பாக்கேன்."

அந்த வீட்டில் அடுப்பு ஒன்று என்பதால் கோமதி அத்தை தலையணையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வரும்போது சீலா மீன் வாங்கி வந்தார். இன்ஜினியருக்கும் டீச்சருக்கும் ஓரத்துண்டுகளை வைத்துவிட்டு நடுத்துண்டை என் தட்டில் வைத்தார்.

எதிர்வீட்டு வாசலில் நின்று பூங்கோதை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகச் சாப்பிட்டேன். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

கை கழுவும்போது கண்ணாடியைப் பார்த்தேன். தாடையில் மச்சத்தைக் காணோம். சிரித்துப் பார்த்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், அம்மா, மோர் இருக்கா என்று கேட்டேன். கோமதி அத்தை எடுத்துக் கொடுத்தார்.